முதியோர் இல்லத்தில் கொடுமை: வக்கீல் பிடிப்பது எப்படி? எல்லை ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளாவில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், படித்ததும் தமிழ் மீடியம். சித்தூர் கோர்ட்டிலும் பாலக்காடு கோர்ட்டிலும் 26 வருடமாகக் கேஸ் கட்டுத் தூக்குகிறேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்து, பெற்றவர்களை இந்தப் பக்கத்து இல்லங்களில் சேர்க்கிறவர்கள் உண்டு. தென்னந்தோப்புக் காற்று, அமைதி என்று சேர்ப்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால் கோர்ட் வாசல் டீக்கடையில் வந்து நிற்பார்கள். அங்கே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் கீழே இருப்பவை.

நர்சிங் ஹோம், முதியோர் இல்லம், ரெண்டும் ஒண்ணுதானே?

நம் பேச்சில் நர்சிங் ஹோம் என்றால் பத்து கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் அதே வார்த்தையைச் சொன்னால், வயதானவர்கள் தங்கிப் பராமரிக்கப்படும் இடத்தைச் சொல்கிறான். வக்கீலிடம் போகும்போது இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவம் பார்க்கும் இடம் கேரளாவில் 2018ஆம் வருடத்து மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும். தர்ம ஸ்தாபனமாக நடக்கும் இல்லங்களை அனாதை இல்லங்களுக்கான கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. எந்தப் பதிவும் இல்லாமல் வாடகை வீட்டில் நடப்பதும் உண்டு. பதிவு இருக்கிறதா என்பதுதான் வக்கீல் முதலில் தோண்ட வேண்டியது.

அடிச்சாத்தான் கேஸா? சோறு தண்ணி சரியா கொடுக்கலைன்னா?

அடி வெளியே தெரியும். தெரியாததுதான் அதிகம். ராத்திரி எழுந்து நடக்கிறார் என்று கட்டிலில் கட்டிப் போடுவது, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை கொடுப்பது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறார் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் விடுவது, பென்ஷன் ஏடிஎம் கார்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்வது.

தண்ணீர், சாப்பாடு விஷயத்தில் நிறைய வக்கீல்களே மறந்துவிடும் ஒரு பிரிவு இருக்கிறது. 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுத்தால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பார்கின்சன் நோய் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவருக்கும் இது பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் காயம், கொடுங்காயம், அடைத்து வைத்தல், நம்பிக்கை மோசடி எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு. 357ஆம் பிரிவு இதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும்: நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விடுவது. தண்டனை சின்னதுதான், 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் அந்த ஒப்பந்தம் என்ற வார்த்தை நுகர்வோர் கேஸில் கைகொடுக்கும்.

முதல்ல வக்கீலைப் பார்க்கணுமா, போலீஸைப் பார்க்கணுமா?

டாக்டரைப் பாருங்கள். ஆளை முதலில் அங்கிருந்து வெளியே எடுத்து, முடிந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விழுந்துவிட்டார் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில் இருந்தார், எப்படி நடந்ததாக அவர் சொல்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஏ.ஆர். காப்பி என்பார்கள், இங்கே வூண்ட் சர்டிபிகேட். நாளைக்கு எல்லா வாதமும் அந்த ஒரு தாளில்தான் போய் நிற்கும்.

என் சொந்த அத்தை கதையைச் சொல்கிறேன். 78 வயது, பக்கவாதம். இந்தப் பக்கத்து இல்லம் ஒன்றில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். போகும்போதெல்லாம் வெள்ளை விரிப்பு, டெட்டால் வாசம், அத்தை தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் போனேன். போர்வையை விலக்கினால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், பஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

துணிமணி எடுக்கத் திங்கட்கிழமை திரும்பப் போனபோது, மேசைமேல் பராமரிப்பு நோட்டு திறந்து கிடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அத்தை பெயருக்கு நேரே, ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில்: காலை இட்லி 3, நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்தோம். அந்த மூன்று நாளும் அத்தை ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். செல்போனில் படம் எடுத்தேன். நடத்துகிறவர் பார்த்துவிட்டு, உட்காருங்க டீ சாப்பிடலாம் என்றார்.

அதனால் சொல்கிறேன்: சண்டை போடும் முன் படம் எடுங்கள். நோட்டு, மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, கட்டிய பணத்துக்கு ரசீது. சிசிடிவி பதிவு கொஞ்ச நாளில் அதுவாகவே அழிந்து மேலே புதுசு ஏறிவிடும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பதிவை அழிக்கக் கூடாது என்று உடனே ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். அதற்கு வக்கீல் கூட வேண்டாம், நீங்களே எழுதலாம். படம் எடுத்த செல்போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் செல்போன் படத்தின் பிரதியைக் கோர்ட்டில் ஏற்ற முடியாது. வாட்ஸப்பில் பத்து பேர் கைமாறி வந்த படத்துக்கு அந்தச் சான்று கொடுப்பது தலைவலி.

நாங்க பொள்ளாச்சி, இல்லம் கேரளாவுல. எந்த ஊர் வக்கீலை வைக்கறது?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நீங்கள் இருக்கும் ஊரைப் பார்த்து வக்கீல் வைக்காதீர்கள். கேஸ் எங்கே நடக்கப் போகிறது என்று பார்த்து வையுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் இரண்டு ஊரில்.

கிரிமினல் கேஸ் சம்பவம் நடந்த இடத்தில்தான் நடக்கும். இல்லம் சித்தூர் தாலுகாவில் இருந்தால் ஸ்டேஷனும் கோர்ட்டும் கேரளாவில். அங்கே உங்களுக்காக வாதாடுவது அரசு வக்கீல். உங்கள் வக்கீல் அவருக்கு உதவியாக இருக்கலாம், கோர்ட் அனுமதியோடு. அதற்குப் பெரிய பெயர் தேவையில்லை. அந்த ஸ்டேஷனையும் அந்தக் கோர்ட்டையும் தெரிந்த, மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் போதும்.

நஷ்டஈடு கேட்கும் நுகர்வோர் வழக்கு வேறு மாதிரி. 2019ஆம் வருடத்துச் சட்டம் வந்த பிறகு, புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் பொள்ளாச்சி என்றால் கோவை ஆணையம். இல்லக்காரர் செக்போஸ்ட் தாண்டி வாய்தாவுக்கு வாய்தா கோவைக்கு வரவேண்டியதுதான். பணம் கட்டிய மகனும் நுகர்வோர், அந்தப் பணத்தில் பராமரிக்கப்படும் அம்மாவும் நுகர்வோர். கெடு 2 வருடம்.

ஆக, கோவையில் நுகர்வோர் வழக்கு பார்க்கும் ஒருவர், சித்தூரிலோ பாலக்காட்டிலோ கிரிமினல் பார்க்கும் ஒருவர். இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் பேச வைத்துவிடுங்கள். இங்கே ஒரு தேதியும் அங்கே ஒரு தேதியும் எழுதி, எதிர்த்தரப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய கூத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீலும் இந்தியா முழுக்க வாதாடலாம், சட்டப்படி தடையில்லை. கோவையிலிருந்து ஒருவர் பாலக்காட்டுக்கு வருவார், ஆனால் ஒவ்வொரு தடவையும் காருக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்.

பொள்ளாச்சி ஸ்டேஷன்ல எங்க எல்லை இல்லைன்னு சொல்றாங்க.

எல்லை பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது பி.என்.எஸ்.எஸ்., 173ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே கேரளாவுக்கு அனுப்புவார்கள். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். ஆனால் என் அனுபவத்தில், இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கே நேராக வந்து கொடுத்தால் ஒரு வாரம் மிச்சம்.

மலையாளம் தெரியாதே?

பேச்சு சமாளித்துவிடலாம். ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு பொள்ளாச்சிப் பாட்டியிடம் போலீஸ்காரர் மொழி எடுக்க வேண்டும் என்றதும், பாட்டி, தமிழ்தாங் கண்ணு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அவதி என்றால் இங்கே வாய்தா, விதி என்றால் தீர்ப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும் என்று எங்கள் வக்கீல் சிரிப்பார்.

போலீஸில் புகாராக எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். புரிகிற மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேரளாவின் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அரசு அலுவலகங்களுக்கு நம்மவர்கள் தமிழிலேயே மனு எழுதலாம், 1969ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டத்திலிருந்தே அந்த உரிமை உண்டு. கோர்ட் சங்கதி வேறு. அங்கே காகிதம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோதான் ஓடும். வக்கீலுக்குத் தமிழ் தெரியுமா என்பதை விட, தாக்கல் செய்யும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் உங்களுக்குத் தமிழில் சொல்லும் பொறுமை அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, பார் கவுன்சில் விதி. அதனால் இன்ன வழக்கில் நம்பர் ஒன் என்று நெட்டில் பளபளவென்று யாராவது சொல்லிக்கொண்டால் அங்கேயே ஒரு பாடம் தெரிந்துவிடுகிறது. முதியோர் இல்லக் கேஸுக்கென்று தனியாக வக்கீல் இந்த எல்லையில் தேடாதீர்கள். மருத்துவக் கவனக்குறைவு, வாகன விபத்து நஷ்டஈடு, நுகர்வோர் வழக்கு பார்க்கிறவர்களைத் தேடுங்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நுகர்வோர் ஆணையத்தில் ஒரு நாள் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் நின்ற இடத்தில் பிரித்துத் தேடுகிறார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டுகிறவரும் புரோக்கரும் வேண்டவே வேண்டாம்.

அத்தை விஷயத்தில் எனக்கே இரண்டு வக்கீல் பார்க்க வேண்டி வந்தது. என் வக்கீல் நிலம், பாகப்பிரிவினை மட்டும் பார்ப்பவர். முதலில் பார்த்தவர் உட்காரும் முன்பே, பத்து லட்சத்துக்குக் குறையாமல் வாங்கிடலாம் என்றார். நோட்டுப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாமவர் ஒரு பெண் வக்கீல், சின்ன வயது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெள்ளிக்கிழமை வரியில் நிறுத்தினார். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு அட்மிஷன், டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே, இல்லத்தில் சேர்க்கும்போது புண் இல்லை என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இது இல்லாமல் தோற்கவும் வாய்ப்பு இருக்குங்கண்ணா என்று நேராகச் சொன்னார். அவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டோம். பழைய ஆஸ்பத்திரி ஃபைலில் தேடி, இல்லத்தில் சேர்க்கும் முந்தின வாரம் நர்ஸ் எழுதிய குறிப்பைப் பிறகு எடுத்தேன்.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது: இதற்கு முன் நுகர்வோர் ஆணையத்தில் எத்தனை வழக்கு முடித்தீர்கள், நீங்களே வருவீர்களா ஜூனியரை அனுப்புவீர்களா, எங்கள் கேஸில் பலவீனம் எது. கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபீஸ் எவ்வளவு? ஜெயிச்சா பங்கு கொடுத்தா போதும்னு மருமகன் சொல்றார், அவர் அமெரிக்காவுல இருக்கார்.

அங்கே அது வழக்கம். இங்கே நஷ்டஈட்டில் பங்கு பேசி ஃபீஸ் வாங்குவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அப்படிப் பேசுகிறவர் விதியை மீறுகிறார் என்று அர்த்தம். மொத்தமாக ஒரு தொகை, அல்லது கட்டம் கட்டமாக, அல்லது வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசலாம். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நகல், டைப்பிங், குமாஸ்தா படி உள்ளா வெளியா என்றும் கேளுங்கள். குமாஸ்தாவே சொல்கிறேன், கேளுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50 லட்சம் வரை கட்டிய சேவைக்கு வழக்குப் போடலாம். இல்லத்துக்கு நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

அவ்வளவு வசதி இல்லைங்க.

பாதிக்கப்பட்டது அம்மா என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பெண் என்ற ஒரே காரணம் போதும், 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும், போன் 15100. இலவச வக்கீல் என்றால் மட்டம் என்பதெல்லாம் பேச்சு. உழைக்கிறவரும் உண்டு, தூங்குகிறவரும் உண்டு, காசு கொடுத்து வைத்தாலும் அதே கதைதான்.

வக்கீல் இல்லாமலே முடியுமா?

நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். முதியோர் உதவி எண் 14567க்குக் கூப்பிட்டால் யாரிடம் போவது என்று வழி சொல்வார்கள். ஆர்.டி.ஓ. தீர்ப்பாயம் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 2007ஆம் வருடத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி அது பிள்ளைகளும் வாரிசுகளும் கவனிக்காததற்கான இடம், இல்லத்தின் மேல் நஷ்டஈடு கேட்கும் இடம் அல்ல. ஆனால் வீட்டையோ நிலத்தையோ, கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு யாருக்காவது எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. தீர்ப்பாயத்தில் வக்கீல் வரக் கூடாது என்ற 17ஆம் பிரிவை 2021இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது.

இலவச இல்லம். காசே கட்டலை.

அப்போது நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் உதவாது. இலவச சேவையை அது கணக்கில் எடுப்பதில்லை. நன்கொடை என்ற பெயரில் மாதாமாதம் வாங்கியிருந்தால் அந்த ரசீதுகளை வக்கீலிடம் காட்டுங்கள், அது வேறு சங்கதி. கிரிமினல் வழி எப்போதும் திறந்திருக்கும்.

சேர்க்கும்போது எது நடந்தாலும் பொறுப்பில்லைன்னு கையெழுத்து வாங்கினாங்களே?

எல்லோரிடமும் வாங்குகிறார்கள். அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், பயப்படாதீர்கள். குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்க முடியாது.

பிள்ளைகள் வெளிநாட்டுல. யார் கையெழுத்துப் போடறது?

அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அம்மாவேதான். இல்லாவிட்டால் பணம் கட்டிய பிள்ளை அங்கிருந்து இங்கே ஒருவருக்குப் பவர் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிடுங்கள்.

வக்கீல் போனே எடுக்கறதில்லை. மாத்தலாமா?

தாராளமாக. கணக்கைத் தீர்த்துத் தடையில்லாக் கடிதம் வாங்கிக்கொண்டு புது வக்காலத்துப் போடுவதுதான் மரியாதை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை, 2000த்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. நடத்தை மோசம் என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வக்கீல் மேலேயே நுகர்வோர் கேஸ் போட முடியாது, அந்தக் கதவை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது.

இறந்துட்டாங்க. சந்தேகமா இருக்கு.

எடுத்துவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் நேரமாச்சு என்பார்கள், இல்லக்காரர் வண்டி ரெடி என்பார். முதலில் போலீஸுக்குச் சொல்லிப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். சிதையேறிய பிறகு எந்த வக்கீலாலும் அதைத் திருப்ப முடியாது. நுகர்வோர் வழக்கை வாரிசுகள் நடத்தலாம்.

அம்மாவே கேஸ் வேண்டாம்கறாங்க.

என் அத்தையும் அதைத்தான் சொன்னாள். அந்தப் பொண்ணுகளுக்கும் குழந்தை குட்டி இருக்கும்டா, மாசம் எவ்வளவு கொடுக்கறாங்களோ என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: சேர்க்கும்போது போட்டிருந்த அரைப் பவுன் தோடு. வீட்டில் இருக்கும்வரை அதைக் கழற்றியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கியபோது காதில் ஈர்க்குச்சி இருந்தது. வக்கீலம்மா அதை மனுவில் தனிப் பத்தியாகவே எழுதினார். ஆணையத்தில் சமரசத்துக்கு அனுப்பியபோது இல்லக்காரர் முன்பணத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் ஒத்துக்கொண்டார், தோடு பற்றித் தெரியாதென்றே சாதித்தார். கடைசியில் தோட்டுக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அத்தை அதை வாங்கவில்லை. தோடு வரட்டும் என்றாள்.